உலகம் சரிந்தால் நிமிரும் ஊர்

2001 பிப்ரவரி 28, புதன்கிழமை. நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா பட்ஜெட் வாசித்தார். இறக்குமதித் தங்கத்துக்கான சுங்கவரி பத்து கிராமுக்கு 400 ரூபாயிலிருந்து 250 ரூபாயாகக் குறைந்தது. அதே நாளில் கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த பூமி அது. கடைசிவரை வேலையில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கும் எஸ்.டி.பி.பி., அதாவது பணிமுடிவுச் சிறப்புப் பலன், என்ற பெயரில் ஒரு தொகை என்று முடிவாயிற்று. வெளியிலிருந்து தங்கம் வர வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறந்த அரசு, தன் வீட்டுத் தங்கக் கிணற்றை அன்றே மூடியது.

உலகச் சந்தையில் அப்போது ஒரு அவுன்ஸ் தங்கம், அதாவது 31.1 கிராம், 265 டாலரை ஒட்டி விற்றது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் விலை அதைவிடக் கீழே கிடந்த நாள்கள் கொஞ்சம்தான். அடுத்த மாதமே, 2001 மார்ச்சில், அமெரிக்காவின் பத்தாண்டுக் கால வளர்ச்சி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. மந்தம் வந்ததும் வட்டி விகிதங்கள் சரிந்தன, டாலர் தளர்ந்தது, தங்கம் எழுந்தது. 2011-ல் அவுன்ஸ் 1,900 டாலர், 2020 ஆகஸ்டில் 2,000, 2025 அக்டோபரில் 4,000. சுழற்சியின் அடிமட்டத்தில், திரும்புமுனைக்குச் சில வாரங்கள் இருக்கையில், தங்கவயல் கதவடைத்துக்கொண்டது.

இதைக் கேட்டதும் அரசைத் திட்டத் தோன்றும். தங்கவயலில் இன்றும் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு நியாயம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உலகப் பொருளாதாரம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு சுரங்க ஊர் ஏன் தரைதட்டிக் கிடக்க வேண்டும்? உலகம் சரியும்போது அதன் சரக்குக்கு ஏன் கிராக்கி வர வேண்டும்?

ஒரு நாட்டின் உற்பத்தி, வேலை, வருமானம், விற்பனை எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஏறுவதையும் ஒரே சமயத்தில் இறங்குவதையும்தான் பொருளியலார் வணிகச் சுழற்சி என்கிறார்கள். ‘சுழற்சி’ என்றாலும் இதில் கடிகார ஒழுங்கு கிடையாது. அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்தர் பர்ன்ஸ், வெஸ்லி மிட்செல் இருவரும் 1946-ல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக வரையறுத்தார்கள்: ஒரு சுழற்சி ஓராண்டுக்கு மேல் நீளலாம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகூட ஆகலாம். முக்கியமானது காலக்கணக்கு அல்ல, பல தொழில்கள் சேர்ந்து அசைவது. அமெரிக்காவில் இது உச்சம், இது அடி என்று தேதி குறிப்பது இன்றும் அந்த ஆய்வகம்தான். அதுவும் பல மாதம் கழித்துத்தான் குறிக்கும். மந்தத்துக்குள் நிற்பவனுக்கு அது மந்தம் என்று தெரிவதில்லை.

பெரும்பாலான ஊர்கள் நாட்டோடு, உலகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. 2008-ல் நியூயார்க்கில் ஒரு முதலீட்டு வங்கி விழுந்தால் சில மாதங்களில் திருப்பூரில் ஆர்டர் குறைகிறது. லாரி விற்பனை படுத்தால் ஓசூர்ப் பட்டறைகளில் ஷிஃப்ட் குறைகிறது. இவை சுழற்சியோடு போகும் ஊர்கள். தங்கச் சுரங்க ஊர் சுழற்சிக்கு எதிராகப் போகும் ஊர். உலகில் இப்படிப்பட்ட ஊர்கள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று, பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டரில், தமிழ் பேசிக்கொண்டு இருந்தது.

ஏன் எதிராகப் போனது என்பதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு அவுன்ஸ் தூய தங்கத்துக்குச் சட்டப்படி நாலு பவுனும் ஐந்து ஷில்லிங்குக்குக் கொஞ்சம் குறைவும். மழை பெய்தாலும் காய்ந்தாலும் அந்த விலைதான். மற்ற எல்லாச் சரக்கின் விலையும் ஏறலாம், இறங்கலாம்; தங்கத்துடையது மட்டும் அசையாது. இப்போது மந்தம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி விலை இறங்குகிறது, இரும்பு விலை இறங்குகிறது, மரம், வெடிமருந்து, கூலி எல்லாம் இறங்குகின்றன. துணி ஆலைக்காரனுக்குச் செலவும் குறைகிறது, துணி விலையும் குறைகிறது; அவனுக்கு என்ன லாபம்? சுரங்கக்காரனுக்கோ செலவு மட்டும் குறைகிறது, விற்பனை விலை நின்ற இடத்தில் நிற்கிறது. ஊருக்கெல்லாம் கெட்ட காலம் அவனுக்கு நல்ல காலம். விலைவாசி ஏறும் செழிப்பான காலத்தில் இதே கணக்கு அவன் கழுத்தைப் பிடிக்கும்.

இதிலிருந்து இன்னொன்று புரியும். தங்கத்தாது என்பது பாறையின் குணம் மட்டுமல்ல. ஒரு டன் பாறையில் மூன்று கிராம் தங்கம் இருக்கிறது என்றால் அது தாதுவா, வெறும் கல்லா? அதை உடைத்து, மேலே தூக்கி, அரைத்து, சயனைடில் கரைத்துப் பிரிக்க ஆகும் செலவைவிட மூன்று கிராம் தங்கத்தின் விலை அதிகமாக இருந்தால் அது தாது. குறைவாக இருந்தால் கல். 2001 பிப்ரவரி விலையில் அந்த மூன்று கிராம் சுமார் 25 டாலர். 4,000 டாலர் விலையில் அதே மூன்று கிராம் 385 டாலர். பாறை மாறவில்லை. புவியியல் வரைபடத்தில் தாதுக்கும் கல்லுக்கும் நடுவே போடும் கோட்டைப் பாதி பூமியும் பாதி சந்தையும் வரைகின்றன.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தங்கவயலின் பிறப்பைப் பார்த்தால் தேதிகள் வரிசையில் வந்து நிற்கின்றன. 1802-லேயே ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி மாரிகுப்பம், ஊரிகாம் பக்கம் சுற்றி, கிராமத்து மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். எழுபது ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1873-ல் மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்கார முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். அதே 1873-ல் வியன்னா பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நீண்ட மந்தம். 1873-க்கும் 1896-க்கும் இடையே இங்கிலாந்தின் மொத்தவிலைகள் நாற்பது சதவீதத்துக்கு மேல் விழுந்தன. எல்லாம் மலிய மலிய, விலை மாறாத தங்கத்தின் மதிப்பு தானாக ஏறியது. லவெலுக்கு வியன்னாவைப் பற்றி எந்தக் கவலையும் இருந்திருக்காது. ஆனால் அவருக்குப் பின்னால் லண்டன் பணம் வந்து குவிந்ததற்கு இந்த மந்தம் ஒரு காரணம்.

பணம் முதலில் வந்தது கோலாருக்கு அல்ல, வயநாட்டுக்கு. இன்று நீலகிரி மாவட்டத்தில் தேயிலைக்கு நடுவே இருக்கும் தேவாலாவும் பந்தலூரும் 1880, 1881-ல் லண்டன் பங்குச் சந்தையில் உச்சரிக்கப்பட்ட பெயர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரின் அறிக்கை நம்பிக்கை தந்தது. கம்பெனிகள் டஜன் கணக்கில் பதிவாயின. பூமியைத் தோண்டுவதற்கு முன்பே பங்குகள் கைமாறின. சில ஆண்டுகளில் எல்லாம் ஆவியாகிவிட்டது. தங்கம் இருந்தது, செலவை ஈடுகட்டும் அளவுக்கு இல்லை. பெரிய மந்தத்துக்குள்ளும் இப்படிச் சின்னக் குமிழிகள் எழுந்து உடையும் என்பதற்கு வயநாடு நல்ல சாட்சி. பந்தலூர்த் தோட்டங்களில் அந்தக் காலத்துச் சுரங்க வாய்கள் இப்போதும் திறந்து கிடக்கின்றன. குமிழி உடைந்த சூட்டில் கோலாரும் ஏறக்குறையக் கைவிடப்பட்டது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பங்குதாரர்களைக் கெஞ்சி, எஞ்சிய பணத்தைக் கடைசி முயற்சியில் போட வைத்தது. கேப்டன் பிளம்மர் பழைய குழிகளுக்கு அடியில் தோண்டிச் சாம்பியன் ரீஃப் என்ற படிவத்தைக் கண்டார். 1880-களின் நடுவிலிருந்து தங்கம் வரத் தொடங்கியது.

தோண்டியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் சுழற்சியின் கதைதான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செம்பு, தகரச் சுரங்கங்கள் விலை வீழ்ச்சியில் மூடிக்கொண்டிருந்தன. அங்கே வேலை இழந்த சுரங்கக்காரர்கள் தங்கவயலுக்குக் கண்காணிப்பு வேலைக்கு வந்தார்கள். கீழே இறங்கி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் வடஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து மக்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் நிலமற்றவர்களைக் கிராமங்களிலிருந்து பிடுங்கி எறிந்த தலைமுறை அது. மேஸ்திரிகள் ஆள் திரட்டினார்கள். தீண்டாமையும் பட்டினியும் ஒருசேர விரட்டியவர்களுக்குச் சுரங்கத்தின் இருட்டு அவ்வளவு அச்சமாகப் படவில்லை போலும்.

அந்தப் பஞ்சத்தை லண்டனில் இருந்து இன்னொருவரும் கவனித்துக்கொண்டிருந்தார். பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ். சூரியனில் பத்து, பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் கூடிக் குறைகின்றன. இங்கிலாந்தின் வணிக நெருக்கடிகளும் ஏறக்குறைய அதே இடைவெளியில் வருகின்றன. இரண்டையும் இணைக்கும் கண்ணி எது? இந்தியா என்றார் ஜெவன்ஸ். சூரியன் மாறினால் பருவமழை மாறும், விளைச்சல் விழும், தானிய விலை ஏறும், இந்தியக் குடியானவனிடம் மான்செஸ்டர் துணி வாங்கக் காசு மிஞ்சாது, இங்கிலாந்து ஆலைகள் தேங்கும். 1878-ல் இதை எழுதினார். நெருக்கடித் தேதிகளைத் தன் கொள்கைக்கு ஏற்பக் கொஞ்சம் இழுத்துப் பொருத்தினார் என்று பிற்பாடு கேலி செய்தார்கள். சூரியப்புள்ளிக் கொள்கை செத்துப்போனது. ஆனால் சங்கிலியின் நடுத்துண்டு பொய்யல்ல. சுதந்திர இந்தியாவில் 1991-க்கு முன் தேசிய வருமானம் சுருங்கிய ஆண்டுகளை எடுத்துப் பாருங்கள்: 1957-58, 1965-66, 1972-73, 1979-80. நான்கிலும் மழை பொய்த்திருந்தது. கடைசி ஆண்டில் சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டியது. நம் வணிகச் சுழற்சியின் பெயர் வெகுகாலம் பருவமழை.

நீண்ட சுழற்சிகளைத் தேடியவர்களில் தங்கத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் ரஷ்யாவின் நிகோலாய் கோந்த்ராதியேவ். ஐம்பது, அறுபது ஆண்டு நீளும் அலைகள் முதலாளித்துவத்தில் இருப்பதாக 1920-களில் வாதிட்டார். 1938-ல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அலைகளை இன்றுவரை எல்லோரும் ஏற்பதில்லை, நானும் முழுக்க நம்புவதில்லை. ஆனால் அவர் ஒன்று சொன்னார்: தங்கவயல்கள் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, அதனால் உலக விலைவாசி ஏறுகிறது என்று நினைக்காதீர்கள். விலைவாசி விழுந்து தங்கம் அருமையாகும்போதுதான் மனிதர்கள் அதை வெறியோடு தேடுகிறார்கள், எடுக்கும் முறைகளையும் கண்டுபிடிக்கிறார்கள். 1886-ல் தென்னாப்பிரிக்க விட்வாட்டர்ஸ்ராண்டும், 1887-ல் சயனைடு முறையும், அதே பத்தாண்டில் சாம்பியன் ரீஃபும் வந்தது இப்படித்தான். பிறகு இந்தப் புதுத் தங்கமெல்லாம் வங்கிகளின் பெட்டகங்களுக்குப் போய்ப் பணப்புழக்கம் பெருக, 1896-க்குப் பின் விலைகள் ஏறத் தொடங்கின. மந்தம் தோண்ட வைத்த தங்கம் மந்தத்தை முடிக்க உதவியது. அந்த வகையில் மாரிகுப்பத்துத் தொழிலாளி உலகப் பொருளாதாரத்துக்கு மருந்து அரைத்தவர். மருந்துக்கான கூலி அவருக்கு வரவில்லை.

விலைவாசி ஏறினால் சுரங்கம் நெரிபடும் என்றேன். அதைத் தள்ளிப்போட்டது மின்சாரம். 1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரம் வந்தது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்தொடர்களில் ஒன்று. பெங்களூர் வீதிகளில் விளக்கெரிய இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மைசூர் சமஸ்தானம் முதலில் வெளிச்சம் கொடுத்தது சுரங்கத்துக்கு. நிலக்கரி செலவு குறைந்தது. 1905 வாக்கில் உற்பத்தி உச்சம் தொட்டது, இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். பிறகு முதல் உலகப் போர். 1913-க்கும் 1920-க்கும் இடையே பிரிட்டிஷ் மொத்தவிலைகள் மூன்று மடங்காயின. இரும்பு, மரம், இயந்திரம் எல்லாம் மூன்று மடங்கு. போர்க்காலம் முழுக்கத் தங்கத்துக்குப் பழைய விலை. பெரும் கிராக்கியான காலத்தில் உலகமெங்கும் தங்கச் சுரங்கங்கள் திணறின.

கணக்கு முழுசாகத் திரும்பியது பெருமந்தத்தில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1929 அக்டோபருக்குப் பின் உலகச் சந்தைகள் விழுந்தபோது தஞ்சாவூரில் நெல் விலையும் விழுந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் நெல் ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்துவிட்டது. வரியும் வட்டியும் பழைய அளவிலேயே நின்றன. குடியானவன் வீட்டில் விற்க மிஞ்சியது ஒன்றுதான்: நகை. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்கத்தை விட்டு விலகியது. ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்த ரூபாயும் கூடவே தங்கத்துக்கு எதிராகச் சரிந்தது. அதுவரை சட்டப்படி ஒரு தோலா (அன்றைய எடையளவு) 21 ரூபாய்ச் சொச்சமாக இருந்த தங்கம் ஏற ஏற, அடகுக்கடைக்காரர்களும் பொற்கொல்லர்களும் கிராமம் கிராமமாக நகை வாங்கினார்கள். அது பம்பாய்க்குப் போய், உருகி, கட்டியாகி, கப்பலில் லண்டன் போனது. 1931-32-ல் மட்டும் நிகர ஏற்றுமதி சுமார் 58 கோடி ரூபாய். தங்கவயல் அந்த ஓராண்டில் எடுத்திருக்கக்கூடியதைப்போல் பல மடங்கு. காலங்காலமாகத் தங்கத்தை உள்ளே இழுத்த நாடு அதை வெளியே கொட்டியது. இந்தியாவின் பெரிய தங்கச் சுரங்கம் கோலாரில் இல்லை, பெண்களின் கழுத்தில் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அதே விலையேற்றம் கோலாருக்கு உயிர்நீர். 1934 ஜனவரியில் அமெரிக்கா தங்கத்தை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தியது. இந்தியாவில் தோலா 35 ரூபாயைத் தொட்டது. செலவு இறங்கி, விலை ஏறி, இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. சுரங்கத் தொழில் வரலாற்றில் இப்படி ஒரு காலம் அரிது. பழைய விலையில் கல்லாக இருந்த பாறை தாதுவானது, போக முடியாத ஆழம் போகக்கூடியதாயிற்று. ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936-ல் வெளியிட்ட பொதுக்கொள்கை நூலில் இதைக் குறிப்பிடுகிறார்: மந்தத்தில் கூலிக்கும் பொருளுக்கும் எதிராகத் தங்கத்தின் மதிப்பு ஏறுவதால், லாபமாகத் தோண்டக்கூடிய ஆழம் கூடுகிறது, தோண்டத் தகுந்த தாதுவின் தரம் குறைகிறது, அதுவே மீட்சிக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. வேலையில்லாதவர்களைக் குழி தோண்ட வைத்துக் கூலி கொடுங்கள் என்று அரசிடம் சொன்னால் வங்கியாளர்கள் சிரிப்பார்கள். தங்கத்துக்காகக் குழி தோண்டினால் மட்டும் மரியாதையாக நிதி தருகிறார்கள் என்ற அவருடைய கிண்டலும் அங்கேயே வருகிறது. கெய்ன்ஸின் முதல் நூல் 1913-ல் இந்திய நாணயத்தைப் பற்றியது. நம் ஊர்த் தங்க மோகம் அவருக்குப் பழகிய விஷயம்.

ஆனால் சுரங்கத்துக்கு நல்ல காலம் என்பது தொழிலாளிக்கு நல்ல காலம் என்று பொருளல்ல. 1930 ஏப்ரலில் தங்கவயலில் ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள்களைப் பதிவுசெய்து கைரேகை எடுக்கும் புதுமுறைதான் பொறி. வெளியே கிராமங்களில் பட்டினி இருக்கையில் வேலை கேட்டு வருபவர்களுக்குக் குறைவில்லை, அதனால் கூலியை ஏற்ற வேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு இல்லை. எதிர்ச்சுழற்சியின் லாபம் எங்கே போகும் என்பதை இப்படித்தான் தீர்மானிக்கிறார்கள். லண்டன் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை, மைசூர் அரசுக்கு ராயல்டி. ஆழம் மட்டும் கீழே இறங்கியவர்களுக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பின்னாளில் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான் அதிரும். ‘ராக் பர்ஸ்ட்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, யார் ஷிஃப்ட் என்று விசாரிக்க ஓடுவார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் ஊரின் நாடித்துடிப்பை அரசே நிறுத்தி வைத்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1962 டிசம்பரில் மத்திய நிதியமைச்சகம் கையேற்றது. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் பிறந்தது. நிதியமைச்சகம் ஏன்? அரசுக்குத் தேவைப்பட்டது தங்கம் அல்ல, அந்நியச் செலாவணி. தங்கம் அதிகாரபூர்வ விலைக்கே அரசின் கணக்கில் சேர்ந்தது. 35 டாலர் கணக்கில் பத்து கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு. அப்போது உள்நாட்டுச் சந்தையில் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு சரக்கைப் பாதி விலைக்குக் கணக்கெழுதிவிட்டு, அதை உற்பத்தி செய்யும் இடத்தை நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தங்கவயலின் கோபத்துக்கு நியாயம் உண்டு என்றேனே, அது இங்கே.

விலை எதற்கு இருக்கிறது? எங்கே தோண்டலாம், எங்கே நிறுத்தலாம், எப்போது புது ஷாஃப்ட் போடலாம் என்று சொல்வதற்கு. அந்தக் குரலை அடக்கிவிட்டால் சுரங்கம் குருடாகிறது. 1971 ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் டாலரைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்ட பின், 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர்வரை போனது. எண்ணெய் விலை, பணவீக்கம், போர்ப் பயம். இந்தியாவில் அதே ஆண்டுதான் வறட்சியில் தேசிய வருமானம் ஐந்து சதவீதம் சுருங்கியது. பழைய கணக்குப்படி தங்கவயல் துள்ளி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஆரம்ப நாள்களில் டன்னுக்கு 47 கிராம்வரை கிடைத்த தாது கடைசிக் காலத்தில் மூன்று கிராமை ஒட்டி வந்துவிட்டது. புதுப் படிவங்களைத் தேடவும் புது இயந்திரங்களைப் போடவும் வேண்டிய முதலீடு முந்தைய கால்நூற்றாண்டில் நடந்திருக்க வேண்டும். நான் அரசை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்: மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பழைய சுரங்கத்தை எந்த விலையும் என்றென்றும் காப்பாற்றாது. ஆனால் பூமி தீர்ந்துவிட்டது என்ற ஒற்றை வரியை நான் நம்பவில்லை.

1991 கோடையில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் வந்தது. மே மாதம், பறிமுதல் செய்து வைத்திருந்த 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்றார்கள். ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்து 40 கோடி டாலர் சொச்சம் கடன் பெற்றது. 1931-ல் குடியானவன் செய்ததை அறுபது ஆண்டு கழித்து ரிசர்வ் வங்கி செய்தது. மந்தத்தில் மதிப்பு குறையாத ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்று டெல்லி முழுசாக உணர்ந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டே பாரத் கோல்டு மைன்ஸ் நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் அனுப்பப்பட்டது. 2000-ல் மூடலாம் என்று வாரியம் பரிந்துரைத்தது.

அந்த 2000, தங்கத்துக்கு வரலாற்றிலேயே மோசமான நேரங்களில் ஒன்று. பிரிட்டன் தன் தங்கத்தில் பாதிக்கு மேல் ஏலம் போட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் வானத்தில் இருந்தன. வட்டியும் தராத மஞ்சள் உலோகத்தை வைத்திருப்பவன் பைத்தியக்காரன் என்ற பேச்சு. பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. உலகம் உச்சத்தில் இருந்ததால் தங்கம் அடியில் கிடந்தது. தங்கம் அடியில் கிடந்ததால் சுரங்கத்தின் நஷ்டம் மிகப் பெரிதாகத் தெரிந்தது. நஷ்டம் பெரிதாகத் தெரிந்ததால் மூடினார்கள். சுழற்சியின் ஒரு கணத்தில் எடுத்த அளவை நிரந்தர உண்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

விலை திரும்பியபோது சுரங்கம் ஏன் திரும்பவில்லை? பம்புகள் நின்றதும் நீர் ஏறியது. கீழ்மட்டங்கள் மூழ்கின. மரத்தாங்கிகள் அழுகின. கேஜ் இறக்கத் தெரிந்தவர், பாறையின் சத்தத்தைக் கேட்டே ஆபத்தைச் சொல்லத் தெரிந்தவர் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மந்தம் முடிந்தால் பொருளாதாரம் பழைய பாதைக்கே திரும்பிவிடும் என்று பாடநூல்கள் முன்பு சொல்லின. ஒலிவியே பிளான்ஷார், லாரன்ஸ் சம்மர்ஸ் இருவரும் 1986-ல் ஐரோப்பிய வேலையின்மையை ஆராய்ந்து வேறுவிதமாகச் சொன்னார்கள்: சரிவு தழும்பை விட்டுப்போகும், நீண்டநாள் வேலையில்லாதவர் வேலைச் சந்தையிலிருந்தே கழன்றுவிடுவார், மீட்சி வந்தாலும் பழைய மட்டத்துக்கு வராது. அவர்கள் எழுதியது மனிதர்களைப் பற்றி. மூழ்கிய ஷாஃப்டுக்கும் அது பொருந்தும்.

இன்று தங்கவயலின் பிழைப்பு மாரிகுப்பத்திலிருந்து விடியலுக்கு முன் கிளம்பும் ரயில்களில் இருக்கிறது. சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல், பங்காருப்பேட்டை, மாலூர், ஒயிட்ஃபீல்டு, கண்டோன்மெண்ட். இரண்டு மணி நேரத்துக்கு மேல். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடை, கட்டட வேலை, படித்தவர்களுக்குக் கால் சென்டரும் கணினியும். இதன் பொருளாதாரப் பொருள் எளிது: எதிர்ச்சுழற்சி ஊர், சுழற்சியோடு போகும் ஊராகிவிட்டது. அமெரிக்காவில் மந்தம் என்றால் பெங்களூரில் ஆள்குறைப்பு, ஆள்குறைப்பு என்றால் முதலில் கழிவது ஒப்பந்தக்காரரின் ஆள், அந்த ஆள் ரயிலில் வருபவர்.

2020 அதைக் கொடூரமாகக் காட்டியது. கொரோனாவால் மார்ச் 22 முதல் பயணிகள் ரயில்கள் நின்றன. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழக் கால்பங்கு சுருங்கியது. மழை பொய்க்காமல், வங்கி விழாமல், ஊரடங்கு ஆணை ஒன்றால் வந்த சரிவு. பர்ன்ஸும் மிட்செலும் கண்டிராத வகை. ஆகஸ்டில் பத்து கிராம் தங்கம் 55,000 ரூபாயைத் தாண்டியது. பழைய தங்கவயலாக இருந்தால் அந்த ஆகஸ்ட் அதன் பொற்காலம். இருந்த தங்கவயலில் மக்கள் செய்தது தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எல்லோரும் செய்ததையே: பீரோவைத் திறந்தார்கள். நகையின் மதிப்பில் 75 சதவீதம்வரை தந்துகொண்டிருந்த வங்கிகள் 90 சதவீதம்வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அந்த மாதமே அனுமதித்தது. சுரங்கம் மூடினாலும் கழுத்துச் சுரங்கம் வேலை செய்தது.

மிச்சம் இருப்பது சயனைடு மேடுகள். தாதுவை அரைத்துத் தங்கம் எடுத்த பின் கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல். மழைக்காலத்தில் சேறும் காற்றுக்காலத்தில் புழுதியும். சினிமாக்காரர்கள் வந்து சண்டைக் காட்சி எடுத்துப் போகிறார்கள். அந்த மண்ணில் இன்னும் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைக் கிராம் என்றே வைத்துக்கொள்வோம்: 2001 விலையில் நாலு டாலர், யாரும் தொட மாட்டார்கள். 4,000 டாலர் விலையில் 64 டாலர். தோண்ட வேண்டாம், தூக்க வேண்டாம், அரைத்தும் ஆயிற்று. இப்போது அது தாது. 2024-ல் கர்நாடக அமைச்சரவை பதின்மூன்று மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தது. இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டாம். பொக்லைன், தொட்டி, ரசாயனம், கொஞ்சம் பொறியாளர்கள் போதும். ஏலம் நடந்து, ஆலை கட்டி, முதல் கட்டி உருகி வர சில ஆண்டாகும். அதற்குள் விலை எங்கே நிற்கும் என்பதைப் பொறுத்துத்தான் அந்த மேடுகள் தாதுவாக நீடிப்பதும் மறுபடி மண்ணாவதும். ஏலம் எடுப்பவர் அதை முன்கூட்டியே கணக்கிட்டு ராயல்டியில் பேரம் பேசுவார். ஒப்பந்தத்தில் விலை இறங்கும்போது என்ன, ஏறும்போது உபரி யாருக்கு என்று இரண்டு ஷரத்துகள் வரும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் படித்துப் பார்க்க வேண்டியவை அவை இரண்டும்தான்.